அம்மா மலைக்குப் போன பிறகு: போடி மலைச்சரிவில் ஆசிரியரும் சின்னப் பிள்ளைகளும்

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குச்சட்டியில் சோறு, தலையில் துண்டு, காலில் செருப்போ ரப்பர் பூட்ஸோ, இப்படி ஒரு வண்டிக்குள் கொள்ளாத அளவு பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருப்பார்கள். முந்தல் சோதனைச்சாவடியைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்தின் உடும்பன்சோலை வட்டத்து ஏலத்தோட்டங்கள். காய் எடுப்பு ஆகஸ்ட்டில் சூடுபிடித்து தை மாதம் வரை போகும். அதாவது பள்ளிக்கூட ஆண்டின் பெரும்பகுதி. பிள்ளைகள் கண் விழிக்கும்போது அம்மா மலையேறிக்கொண்டிருப்பாள். அப்பத்தாவோ அக்காவோ தலை சீவி அனுப்பும் அந்தப் பிள்ளையைப் பார்த்து அன்றைக்கு முதன்முதலாக “என்ன, முகம் வாடியிருக்கு?” என்று கேட்கக்கூடிய பெரியவர் ஒன்றாம் வகுப்பு டீச்சராக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம்.

ஆசிரியருக்கும் ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கும் இடையில் நல்ல உறவு எப்படி உண்டாகிறது, எதனால் கெடுகிறது, அதைப் பற்றி உலகம் என்ன கண்டுபிடித்திருக்கிறது, அதில் எது இந்த மலைச்சரிவுக்குப் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நம்மூரில் இந்தப் பேச்சை எடுத்தால் அது உடனே ஆசிரியரின் நல்ல மனசைப் பற்றிய பேச்சாகிவிடும். “அந்த டீச்சர் தங்கம்”, “அந்த சார் சிடுமூஞ்சி” என்று இரண்டு வரியில் முடித்துவிடுவோம். மனசு வேண்டும்தான். ஆனால் படித்ததையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது வேறு. இந்த உறவுக்கு முதல் தேவை நேரம். அடுத்தது, ஒரே பிள்ளைகளோடு நீடித்து இருப்பது. இரண்டும் நிர்வாகத்தின் கையில் இருப்பவை. கொடுத்தால் சுமாரான ஆசிரியரும் நல்ல டீச்சராகிறார்; பறித்துக்கொண்டால் தங்கமான டீச்சரும் களைத்துப்போகிறார்.

ஆய்வுகளிலிருந்து தொடங்குவோம். அமெரிக்காவின் ராபர்ட் பியான்டா என்ற உளவியலாளர் இந்த உறவை அளக்க 28 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். நெருக்கம், முரண்பாடு, சார்ந்திருத்தல் என மூன்று பக்கங்களிலிருந்து அது பார்க்கிறது. இந்தப் பிள்ளை தன் மனதில் உள்ளதை என்னிடம் சொல்கிறதா, எங்களுக்குள் எப்போதும் இழுபறியாகவே இருக்கிறதா, நான் பக்கத்தில் இல்லாவிட்டால் ஒன்றுமே செய்ய மறுக்கிறதா என்பது போன்றவற்றை ஆசிரியரே யோசித்துப் பதில் எழுத வேண்டும். பிரிட்ஜெட் ஹாம்ரேயும் பியான்டாவும் 179 பிள்ளைகளை மழலையர் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை பின்தொடர்ந்து 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மழலையர் வகுப்பில் ஆசிரியரோடு இழுபறியில் இருந்த பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பையன்களுக்கு, அதன் நிழல் எட்டாம் வகுப்பு வரை நீண்டிருந்தது.

2011-ல் நெதர்லாந்தின் டெபோரா ரூர்டாவும் உடன் ஆய்வாளர்களும் 99 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். நல்ல உறவு மதிப்பெண்ணைவிட, படிப்பில் பிள்ளை காட்டும் ஈடுபாட்டோடுதான் அதிகம் ஒட்டிப்போகிறது என்பது ஒரு முடிவு. கசந்த உறவின் பாதிப்பு மேல்வகுப்புகளைவிடத் தொடக்க வகுப்புகளில் கூடுதல் என்பது இன்னொன்று. ஒன்றாம் வகுப்பு ஆசிரியருக்கு இதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் உயிருக்குயிரான டீச்சராக இருக்க முடியாவிட்டாலும், எந்தப் பிள்ளையோடும் பகை வளராமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் கவாய் என்றொரு தீவு. அங்கே 1955-ல் பிறந்த 698 பிள்ளைகளை எம்மி வெர்னர் குழுவினர் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். கரும்புத் தோட்டமும் அன்னாசித் தோட்டமும் நிறைந்த தீவு அது. கூலி வேலைக் குடும்பங்கள் ஏராளம். வறுமை, குடி, குடும்பச் சண்டை என்று எல்லாச் சுமையும் சேர்ந்திருந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்து நின்றார்கள். வீட்டுக்கு வெளியே அவர்களுக்குத் துணையாக இருந்தது யார் என்று பார்த்தபோது, அடிக்கடி வந்த பதில்களில் ஒன்று பிடித்தமான ஓர் ஆசிரியர். தோட்டத் தொழிலை நம்பிய ஊர் என்பதால் போடிக்கு இந்த ஆய்வு மற்றவற்றைவிட நெருக்கமானது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். காலையில் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளையிடம் உறவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளும். காமராசர் காலத்து மதிய உணவுக்கும் 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுக்கும் பிறகு வந்த இந்தத் திட்டத்தை ஊட்டச்சத்துக் கணக்கில் மட்டும் பேசுகிறார்கள். நான் இதை உறவுக் கணக்கிலும் சேர்ப்பேன். உப்புமாவோ கிச்சடியோ தட்டில் விழும் அந்த அரைமணி நேரத்தில் பாடம் கிடையாது, பதிவேடு கிடையாது. எந்தப் பிள்ளை வேகவேகமாகச் சாப்பிடுகிறது, எது தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, எது தம்பிக்கும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது என்று பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியும். சமைக்கும் பெண்கள் மகளிர் சுயஉதவிக் குழுவினர்; அதே தெருக்காரர்கள். “நேத்து ராத்திரி இவுங்க வீட்ல ஒரே சண்டை டீச்சர்” என்ற தகவல் எந்தச் செயலியிலும் வராது, அடுப்படியிலிருந்துதான் வரும்.

மலைவேலைக்குப் போகும் அம்மா இருட்டும் நேரத்தில்தான் இறங்கி வருவாள். வந்ததும் உலை வைக்க வேண்டும். அவளிடம் வீட்டுப்பாடம் பார்க்கவில்லை என்று குறிப்பேட்டில் சிவப்பு மையில் எழுதி அனுப்புவது கொடுமை. “பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை” என்று பள்ளிகள் வழக்கமாகச் சொல்லும் குறையை இங்கே ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். அவள் வரக்கூடிய நேரத்தில் பள்ளி ஒருநாளாவது திறந்திருந்ததா? இன்னும் சில குடும்பங்கள் சீசனுக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மேலேயே தோட்டத்து லயத்தில் தங்கிவிடுகின்றன. சீசன் முடிந்து திரும்பும் பிள்ளைக்கு வகுப்பில் இடம் இருக்கும். பழகிய பக்கத்து சீட்டு இருக்காது, பாடம் எங்கேயோ போயிருக்கும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்கிறது. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே வந்த பிள்ளையிடம் மேலே என்ன பார்த்தாய், பூப்பாறையில் யானை வந்ததா என்று உட்காரவைத்துக் கேட்பது ஆசிரியர் வேலை. அப்படிக் கேட்டுவிட்டால், மூன்று மாதம் தவறவிட்ட பிள்ளை மூன்று மாதம் வேறெதையோ கற்றுவந்த பிள்ளையாகிவிடும்.

மலைச்சரிவில் இன்னொரு வகைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பளியர், முதுவர் ஆகிய பழங்குடிகளின் குடியிருப்புப் பிள்ளைகள். குரங்கணிக்கு மேலே முதுவாக்குடி, போடியை ஒட்டி சிறைக்காடு போன்ற இடங்கள் இவர்களுடையவை. இவர்களைப் பற்றிப் பள்ளிகளில் வழக்கமாகச் சொல்லும் புகார் ஒன்று உண்டு: “நல்லாத்தான் வந்துக்கிட்டிருந்தான், ஒருநாள் ஒரு வார்த்தை சொன்னேன், அதோட நின்னுட்டான்.” இந்தப் புகாருக்கான விளக்கம் மானுடவியலில் கிடைக்கிறது.

பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1962 முதல் தென்தமிழக மலைகளில் பளியரோடு தங்கி ஆய்வு செய்தார். அவர் கண்ட பளியர் சமூகத்தில் ஒருவரை ஒருவர் அவமதிப்பதே பெரிய குற்றம். யாரும் யாருக்கும் கட்டளையிட உரிமை இல்லை. போட்டி போடுவதும் பிறரைவிட உயர்ந்துகாட்டுவதும் அழகில்லை. பிள்ளைகளை அடித்து வளர்ப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. சிறு வயதிலேயே பிள்ளையைத் தன்னிச்சையான ஆளாக மதிக்கிறார்கள். சண்டை வரும்போல் இருந்தால் எதிர்த்து நிற்காமல் அந்த இடத்தைவிட்டு விலகிப் போவதுதான் அவர்களின் முறை. கார்ட்னர் அன்று பார்த்தது வேட்டையும் கிழங்கும் தேனுமாக இருந்த வாழ்க்கை. இன்று பளியர்கள் தோட்டக் கூலிகளாகவும் தொகுப்பு வீடுகளில் குடியிருப்பவர்களாகவும் மாறிவிட்டார்கள். வாழ்க்கை மாறினாலும் வளர்ப்பு முறை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

அந்தக் கண்ணோடு வகுப்பறையைப் பாருங்கள். “யார் முதல்ல சொல்றீங்க?” என்று கேட்டால் அந்தப் பிள்ளை கையைத் தூக்காது, பக்கத்துப் பிள்ளையை முந்துவது அதற்குப் பழக்கமில்லை. பலர் முன்னால் திட்டினால் அழாது, எதிர்த்துப் பேசாது, மறுநாள் வராது. பதிவேட்டில் நாம் அதை இடைநிற்றல் என்று எழுதுகிறோம். அந்தப் பிள்ளையின் கணக்கில் அது மரியாதையான விலகல், வீட்டில் கற்றுக்கொடுத்த நல்ல நடத்தை. இதை அறிந்த ஆசிரியர் இரண்டு காரியங்களை மாற்றிக்கொண்டால் போதும்: திருத்த வேண்டியதைத் தனியே கூப்பிட்டுச் சொல்வது, போட்டிக்குப் பதில் இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை கொடுப்பது. ஆசிரியர் பயிற்சியில் குழந்தை உளவியல் என்று எங்கோ எழுதிய வளர்ச்சிப் படிநிலைகளை மனப்பாடம் செய்ய வைக்கிறோம். கால்நடையாகப் போகும் தூரத்தில் இருக்கும் பளியர் வளர்ப்பு முறை பாடத்திட்டத்தில் இல்லை. தேனி மாவட்டத்து மலைப்பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு இதை ஒரு நாள் சொல்லிக்கொடுத்தால் அரசுக்கு ஒன்றும் பெரிய செலவில்லை.

முதுவர்களின் கதைக்கு மலையின் மறுபக்கம் போகவேண்டும். மதுரையிலிருந்து புறப்பட்டு மலையேறியவர்கள் தாங்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. பேச்சு தமிழுக்கு நெருக்கம். ஆனால் எல்லைக்கோடு விழுந்தபின் இடுக்கியில் இருப்பவர்களின் பள்ளிமொழி பெரும்பாலும் மலையாளம். 2010-ல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலைக்குடியில் ஆறு வயதுப் பிள்ளை பள்ளிக்குள் காலெடுத்து வைத்தால் டீச்சர் பேசுவது புரியாது, டீச்சருக்குப் பிள்ளை பேசுவது புரியாது. பி.கே. முரளீதரன் என்ற ஆசிரியர், அந்த மக்களுக்கு ‘முரளி மாஷ்’, அங்கே காட்டுவழி நடந்து போய் அவர்களோடு இருந்தே கற்பித்தவர். இருப்புக்கல்லுக்குடியில் டீக்கடை வைத்திருந்த பி.வி. சின்னத்தம்பி அதே கடையில் 160 புத்தகங்களோடு நூலகம் நடத்தினார். அதற்குத் துணை நின்றவர் இந்த முரளி மாஷ். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-ல் அங்கே போய் எழுதியபின் வெளியுலகம் இதை அறிந்தது. பின்னர் அங்குள்ள பழங்குடிப் பள்ளியில் முதுவர் சொற்களைத் தொகுத்துப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படும்படி செய்யும் முயற்சியும் நடந்தது. நம் பக்கத்து முதுவர் பிள்ளைக்குப் பள்ளிமொழி தமிழ் என்பதால் சிக்கல் சற்றுக் குறைவு. குறைவு என்பதாலேயே நாம் கவனிப்பதில்லை. “ஒழுங்காப் பேசு” என்று திருத்தப்படும் பிள்ளை சில நாளில் பேச்சையே குறைத்துக்கொள்ளும். போடி நகருக்குள்ளேயே வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் உண்டு. அவர்களின் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

அடுத்தது அடி. “கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிருங்க சார்” என்று பிள்ளையை ஒப்படைத்த தலைமுறை இன்னும் போய்விடவில்லை. சட்டம் எப்போதோ முடிவெடுத்துவிட்டது. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி 2003-ல் திருத்தப்பட்டு உடலையோ மனதையோ நோகடிக்கும் தண்டனைக்குத் தடை வந்தது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதை நாடு முழுவதற்குமாக்கியது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம், தேசிய குழந்தைகள் உரிமை ஆணையத்தின் நெறிமுறைகளைப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்த அரசுக்கு உத்தரவிட்டது. ஒரே விஷயத்தை மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே நடைமுறையைக் காட்டிவிடுகிறது. ஒன்றிய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி செல்லும் பிள்ளைகளில் 65 விழுக்காட்டினர் பள்ளியில் அடிவாங்கியதாகச் சொன்னார்கள்.

ஆசிரியர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. பிரம்பை வாங்கிக்கொண்ட அரசு, அந்த இடத்தில் வைக்க எதையும் தரவில்லை என்கிறார்கள். நாற்பது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாத ஆறு வயதுப் பையனை என்ன செய்வது என்று யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. இது உண்மைதான். ஆனால் பிரம்பு போன இடத்தில் சில வகுப்புகளில் நாக்கு வந்து உட்கார்ந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். பட்டப்பெயர், அப்பன் தொழிலைச் சொல்லிக் குத்துவது, ஊரையும் தெருவையும் சொல்லி ஒதுக்குவது இவையெல்லாம் அடியைவிட ஆழமாக இறங்கும். இரா. நடராசனின் ‘ஆயிஷா’ கதையை ஆசிரியர்கள் பலரும் வாசித்திருக்கிறார்கள், கண்ணீர்விட்டதாகவும் சொல்வார்கள், மறுநாள் வகுப்பில் என்ன மாறியது என்பதே கேள்வி.

சாதியைத் தொடாமல் தேனி மாவட்டத்தில் இந்த விஷயத்தைப் பேசி முடிக்க முடியாது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கீழ் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இயங்குகின்றன. குற்றப்பரம்பரைச் சட்டத்தின் காலத்தில் பிறந்த பள்ளிகள் அவை. ஒரு சமூகத்தைப் படிப்பின் பக்கம் கொண்டுவந்ததில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் சாதி அடைமொழி கூடாது என்றது, எதிர்ப்பும் கிளம்பியது. பெயர்ப்பலகை விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். சின்ன வகுப்புக்கு இதில் உள்ள பாடம் வேறு. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேச கிராமப் பள்ளிச் சிறுவர்களுக்குப் புதிர்வழிகளைக் கொடுத்துத் தீர்க்கச் சொன்னார்கள். சாதியைச் சொல்லாதபோது ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களும் மற்றவர்களும் ஏறக்குறைய சமமாகவே செய்தார்கள். எல்லார் முன்னாலும் பெயரையும் சாதியையும் அறிவித்தபின் ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்களின் திறன் சட்டென்று சரிந்தது. உதவித்தொகைப் படிவத்துக்காக “எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எந்திரிங்க” என்று வகுப்பில் சொல்லும் ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் இல்லாமல் இருக்கலாம். அந்த ஒரு வாக்கியம் ஒரு பருவத்து உழைப்பைக் கரைத்துவிடும். படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் தீர்ந்தது.

இனி கற்பிக்கும் முறைகளைப் பற்றிச் சுருக்கமாக. ரிஷிவேலிப் பள்ளியின் வேர்களிலிருந்து முளைத்து, 2003-ல் ஆணையர் எம்.பி. விஜயகுமார் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-2008 கல்வியாண்டில் மாநிலம் முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் ஆசிரியரைத் தரையில் உட்காரவைத்தது. பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை இறங்கியது. மேசைக்குப் பின்னால் இருந்த சார் பாய்க்கு வந்தார். பாடமுறையாக அதன் மீது ஆயிரம் விமர்சனம் வைக்கலாம். சில இடங்களில் அட்டை எண்ணிக் கொடுப்பவராக ஆசிரியர் சுருங்கிப்போனதும் உண்மை. ஆனால் பெரியவருக்கும் பிள்ளைக்கும் இடையிலான உடல் தூரத்தை அது குறைத்ததுபோல் வேறெந்தத் திட்டமும் குறைக்கவில்லை என்பது என் கருத்து. 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் பொம்மையும் கதையும் வந்தன. அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி வந்தது. கூடவே மதிப்பீடுகளும் பதிவேற்றங்களும் வந்தன. ஒரு கையால் கொடுத்த நேரத்தை மறுகையால் வாங்கிக்கொண்ட கதை.

கொரோனாவுக்குப் பின் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி வேறொரு சங்கதியைக் காட்டியது. கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோரின் ஆய்வின்படி, பள்ளி மூடலால் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இல்லம் தேடிக் கல்வி வகுப்புகளால் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை ஐந்திலிருந்து ஏழு வரை பாடம் நடத்திய தன்னார்வலர்களில் பெரும்பாலோர் அதே ஊர்ப் பெண்கள். பயிற்சி குறைவு, பி.எட். இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் பிள்ளையின் அம்மாவைத் தெரியும், வீட்டைத் தெரியும், இருபது பிள்ளைகளுக்கு மேல் இல்லை. போடி போன்ற ஊரில் ஜீப் இறங்கும் நேரமும் அந்த வகுப்பு முடியும் நேரமும் ஏறத்தாழ ஒன்றுதான். வேலை முடிந்து வரும் அம்மா பிள்ளையைக் கூட்டிப்போக வந்து அந்த அக்காவிடம் நாலு வார்த்தை பேச முடிந்தது. பள்ளியில் நடக்காத பெற்றோர் சந்திப்பு தெருத்திண்ணையில் நடந்தது.

இனி நீடித்திருத்தல். 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பகவானுக்கு மாறுதல் வந்தபோது மாணவர்கள் அவரைக் கட்டிப்பிடித்து அழுத படத்தை நாடே பார்த்தது. நெகிழ்ந்தோம், பகிர்ந்தோம், விட்டுவிட்டோம். அந்தப் படத்திலிருந்து எழுந்திருக்க வேண்டிய நிர்வாகக் கேள்வி எழவில்லை: ஒரு ஆசிரியர் ஒரே பிள்ளைகளோடு எத்தனை ஆண்டு இருப்பது நல்லது?

பதில் சொல்ல இரண்டு ஆய்வுகள் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினாவில் மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைப் பார்த்த ஆண்ட்ரூ ஹில், டேனியல் ஜோன்ஸ் இருவரும், அதே ஆசிரியரிடம் இரண்டாவது ஆண்டும் படித்த பிள்ளைகள் சிறிய அளவில் முன்னேறினார்கள் என்றும் சிறுபான்மையினப் பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கூடுதல் என்றும் 2018-ல் எழுதினார்கள். அதே ஆண்டு ரோலண்ட் ஃப்ரையர் வெளியிட்ட ஆய்வு நேரெதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது. ஹூஸ்டன் நகரின் 50 தொடக்கப் பள்ளிகளில் பாதியில், பாடத்துக்கு ஒரு ஆசிரியர் என்று பிரித்துக்கொடுத்தார்கள். கணக்கில் கெட்டிக்காரர் கணக்கை மட்டும் நடத்தினால் பிள்ளைகள் மேலும் நன்றாகப் படிப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது தலைகீழ்: மதிப்பெண் இறங்கியது, ஒழுங்குப் பிரச்சினை கூடியது. ஒவ்வொரு ஆசிரியருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகி, ஒவ்வொரு பிள்ளையையும் அறியும் வாய்ப்பு குறைந்ததே காரணம் என்றார் ஃப்ரையர்.

இதை வைத்து நம் மலைச்சரிவின் சிறிய பள்ளிகளைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்பை இரண்டு பேர் இழுப்பது கொடுமை. ஒருவர் விடுப்பெடுத்தால் பள்ளி ஒற்றைக்காலில் நிற்கும். ஆனால் அந்தக் கொடுமைக்குள்ளேயே, பெரிய ஊர்ப் பள்ளிகளுக்குக் கிடைக்காத ஒன்று மறைந்திருக்கிறது: ஒரே டீச்சர், அதே பிள்ளைகள், மூன்று வருடம், சில சமயம் ஐந்து வருடம். வெளிநாட்டில் திட்டம் போட்டுச் செய்து பார்ப்பதை நாம் வறுமையால் செய்துகொண்டிருக்கிறோம். இதை நான் கொண்டாடச் சொல்லவில்லை. மூன்றாவது ஆசிரியரைக் கொடுங்கள். கொடுக்கும்போது பாடவாரியாகப் பிரித்து இருப்பதையும் கெடுத்துவிடாதீர்கள் என்கிறேன்.

இந்த நீட்சிக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று இடமாறுதல். மலைப்பாதைப் பள்ளிக்குப் போட்டால் அடுத்த கலந்தாய்வில் கீழே இறங்கிவிட நினைப்பது மனித இயல்பு. ஐப்பசி கார்த்திகை மழையில் போடிமெட்டுச் சாலையில் மண் சரியும் நாட்களில் தினமும் போய்வருகிறவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அங்கே மூன்று ஆண்டு தொடர்ந்து இருப்பவருக்கு அடுத்த மாறுதலில் முன்னுரிமை, தங்க ஒரு வீடு, போக்குவரத்துக்குப் படி என்று ஏதாவது தந்தால்தான் அவரை இருக்கச் சொல்லிக் கேட்க முடியும். மற்றொன்று எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் ஏற்றும் பதிவும் இன்னபிற புள்ளிவிவர வேலையும். வருகை, சீருடை, புத்தகம், செருப்பு, எடை, உயரம் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர்த்த வேறு வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்கிறது. கைபேசி வழியாக வகுப்பறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்த வேலையை அந்தப் பிரிவு எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நேரம் கூடினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று நம் மாநிலத்திலேயே இருக்கிறது. நான்கு மாவட்டங்களின் 320 அங்கன்வாடிகளைக் கொண்டு அலெஹாந்த்ரோ கானிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் நடத்திய ஆய்வில், சில மையங்களுக்குக் கூடுதலாக ஒரு அரைநேரப் பணியாளரைக் கொடுத்தார்கள். முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இரு மடங்கானது. கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். பழைய பணியாளருக்குக் கை ஓய்ந்ததால் ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தது. புதியவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள் இல்லை.

நெருக்கத்துக்கும் எல்லை உண்டு. பியான்டாவின் அளவுகோலில் மூன்றாவது பக்கம் சார்ந்திருத்தல் என்பதை மறந்துவிடக்கூடாது. டீச்சரின் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டே திரியும் பிள்ளை அன்பின் அடையாளமாகத் தெரியும். உண்மையில் அது பயத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். செல்லப்பிள்ளை ஒன்று உருவானால் மற்ற முப்பதும் அதைக் குறித்துவைத்துக்கொள்ளும். 2012-இன் போக்சோ சட்டத்துக்குப் பிறகு தொடுதல் குறித்த விழிப்பு வந்திருப்பது நல்லதே. பியான்டா குழுவினர் வகுத்த எளிய பயிற்சி ஒன்றில் தொடுதலும் இல்லை, கொஞ்சலும் இல்லை. வாரத்தில் இரண்டு மூன்று முறை, பத்துப் பதினைந்து நிமிடம், இழுபறியில் இருக்கும் ஒரு பிள்ளையோடு ஆசிரியர் உட்காருகிறார். என்ன விளையாட்டு என்பதைப் பிள்ளை முடிவுசெய்யும். ஆசிரியர் கற்பிக்கக்கூடாது, திருத்தக்கூடாது, கேள்வி கேட்டுக் குடையக்கூடாது. பார்ப்பதைச் சொல்லலாம், அவ்வளவுதான். முக்கியமான விதி, நல்ல பிள்ளையாக நடந்ததற்குப் பரிசாக இதைத் தரக்கூடாது, குறும்பு செய்ததற்குத் தண்டனையாக இதை நிறுத்தவும் கூடாது. பளியர் பெரியவர் ஒருவர் இதைக் கேட்டால், இதற்கெல்லாமா பயிற்சி என்று சிரிக்கக்கூடும்.

போடி வட்டாரத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் கல்வி அலுவலர்களிடமும் கேட்கக்கூடியவை மூன்று. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஒரே ஆசிரியர் என்பதை, ஆசிரியர் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், கொள்கையாக வைத்துக்கொள்ளுங்கள். காலை உணவு நேரத்தில் வகுப்பு ஆசிரியரிடம் எந்தப் பதிவும் கேட்காதீர்கள். அந்த அரைமணி அவர் பிள்ளைகளோடு இருக்கட்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தையும் பெற்றோர் சந்திப்பையும் காய் எடுப்புக் காலத்தில் வேலைநாள் பிற்பகலில் வைக்காதீர்கள். தோட்டத்துக்கு விடுமுறை விடும் நாளிலோ, ஜீப் இறங்கிய பிறகு மாலை ஏழு மணிக்கோ வையுங்கள். அந்த நேரத்துக்குத்தான் அம்மாக்களால் வர முடியும்.